சிவப்புக்குப் போகும் முள்

சுதந்திரத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. மலாயா நாட்டுக்குத்தான். கருணாகரனுக்கு அப்படித் தேதி எதுவும் குறிக்கப்படவில்லை. அவருக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

இருந்தாலும் மனிதனுக்கு ஆசை விடாதே! அந்தப் புதன்கிழமை காலை, மலாக்கா நகரத்துக் காஜா பெராங் வீட்டுக் குளியலறையில் மூன்றாவது செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆகஸ்டு கடைசியில் கோலாலம்பூருக்குப் போவது. சொந்தக் காரில் போவது. சீட்டாட்டக் கூட்டாளிகள் மூன்று பேரோடு போவது. சிவகாமசுந்தரி இல்லாமல் போவது. இந்தக் கடைசிப் பகுதியை நினைத்ததும் கதவு தாழிட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கார் என்றால் சும்மா கார் இல்லை. அலோர் காஜா பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், இருந்த வெள்ளைக்கார மானேஜர், நாடு கைமாறப் போகிறது என்றதும் சீமைக்கு மூட்டை கட்டினார். நாயைப் பாதிரியாரிடம் கொடுத்தார். காரைக் கருணாகரன் தலையில் கட்டினார். தவிட்டு நிற மோரிஸ் மைனர். வெளியே பார்த்தால் பரம சாது. முன்மூடியைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை உட்கார்ந்திருக்கும். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, வெளிக்காற்றை அமுக்கி அமுக்கி அதன் வாயில் திணிக்கிற பம்பு அது. பந்தயக்காரர்கள் வைத்துக்கொள்வது. அழுத்தி மிதித்தால் அந்தச் சாது சாமியாடும்.

மானேஜர் கப்பலேறும்போது ஓர் எச்சரிக்கையும் சொன்னார். காற்று அளவுக்கு மிஞ்சினால் எஞ்சின் பிளந்துவிடும். அளவு காட்டும் முள் ஒன்று இருந்தது, அது உடைந்துவிட்டது, வேறு வேண்டுமானால் லண்டனுக்குத்தான் எழுத வேண்டும்.

"லண்டனாவது மண்ணாவது!" என்றார் கருணாகரன். பண்டார் ஹிலிரில் ஒரு ரேடியோ கடையில் பதினாறு வருஷமாக ரிப்பேர் வேலை பார்ப்பவர். பற்றவைக்கும் கம்பியும் ஈயமும் கையிலிருந்தால் அவர் யாருக்கும் பயப்பட மாட்டார். கையில் இல்லாத நேரங்களில் மட்டும் சிவகாமசுந்தரிக்குப் பயப்படுவார்.

முள் செய்கிற வேலை அந்தப் புதனுக்கு இரண்டு வாரம் முன்பே சாப்பாட்டு மேசையில் தொடங்கியிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் கையில் சுற்றுவாரே, அந்த ரப்பர்ப் பை ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. பம்பிலிருந்து ஒரு குழாய் வந்து அந்தப் பையை ஊத வைக்கும். பை ஊதினால் ஒரு கரண்டிக் காம்பைத் தூக்கும். கரண்டிக் காம்பு ஒரு பழைய ரேடியோத் திருகியைச் சுழற்றும். அது சுழலச் சுழலக் காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கூடும், குறையும். அந்த மின்சாரம், பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஒரு பெட்டியிலிருந்து எடுத்த முள்ளை நகர்த்தும். முள்ளுக்குப் பின்னால் அவரே வண்ணம் தீட்டிய அட்டை. பச்சை, மஞ்சள், சிவப்பு.

"என்னங்க இது? சோத்துத் தட்டு வைக்க எடமில்ல."

"காத்தோட பலத்தக் கரண்டா மாத்துறேன், சிவகாமி."

"மாத்தி?"

"கரண்டு முள்ள நகர்த்தும்."

"நகர்ந்தா?"

"காத்து எவ்வளவுன்னு தெரியும்."

"தெரிஞ்சி?"

கருணாகரன் நிமிர்ந்து பார்த்தார். விஞ்ஞானத்தை இப்படி நாலு கேள்வியில் மூலைக்குத் தள்ளக்கூடியவள் வீட்டுக்கு ஒருத்தி இருந்தால், உலகத்தில் மின்விளக்கே எரிந்திருக்காது என்று நினைத்தார்.

"என் கரண்டி எங்க?" என்று அவள் ஐந்தாவது கேள்வியையும் கேட்டாள்.

இந்த இடத்தில் அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு ரேடியோக்களின் உறுப்புகளை மாற்றிப் போட்டுவிட்டு, முதலாளியிடம் மூன்று நாள் வசை வாங்கியவர் அவர். அன்றிலிருந்து எதைக் கழற்றினாலும் சின்ன அட்டை ஒன்றில் உரியவர் பெயர், ஊர், சாமான் எல்லாம் எழுதி நூலில் கட்டிவிடுவார். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும். வீட்டுக் குடையில் அட்டை உண்டு. சுவர்க்கடிகாரச் சாவியில் அட்டை உண்டு. புக்கிட் ரம்பாயிலிருந்து மாமியார் சாரதாம்பாள் ஒருமுறை வந்து தங்கியபோது, இரவில் டம்ளரில் கழற்றிப் போட்டிருந்த அவருடைய பல் செட்டிலும் மறுநாள் காலை ஓர் அட்டை தொங்கியது. அதை அந்த அம்மாள் இன்னும் மறக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் அதை மற்றவர்களும் மறக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

மூன்றாவது வாரம் முள் வேலை செய்தது. பொய் இல்லை, உண்மையாகவே வேலை செய்தது. மேட்டில் மிதித்தால் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. சிவப்பின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கருணாகரனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாலையோரம் காரை நிறுத்தி, சும்மா ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் சிவகாமசுந்தரி கேட்டாள்.

"என்னங்க, கோலாலம்பூருக்கு எத்தன மணிக்குக் கெளம்புறோம்?"

"யாரு?"

"நாமதான். நான், அம்மா, ஜெயா. செந்தூல்ல சித்தப்பா வீட்டுல தங்கிக்கலாம். கடுதாசி போட்டாச்சு."

ஜெயா அவளுடைய தங்கை. கருணாகரன் அவசரமாக ஒரு காரணம் தேடினார்.

"கூட்டம் சிவகாமி. நாடே அங்கதான் நிக்கும். பொம்பளைங்க நசுங்கிப் போயிருவீங்க லா."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. பண்டார் ஹிலிர் திடல்ல மெர்டேக்கா சேதி, சொதந்திரம் வரப் போவுதுன்னு சொன்னாங்க. இங்கேருந்து நடந்து போற தூரம். நீங்களும் ஒங்க கூட்டாளிங்களும் போயிப் பாத்திட்டு வந்து, சோறு எங்கன்னு கேட்டீங்க. நான் வடிச்சி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இந்தத் தடவ வடிக்கிறதா இல்ல. நானும் இந்த மண்ணுலதான் பொறந்தேன். கொடி ஏறுறத என் கண்ணால பாக்கணும்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் கருணாகரனுக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் ராஜரத்தினமும் சுப்பையனும் தம்பிராஜாவும் ஏற்கனவே புதுக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். "ஒன் சம்சாரம் விடுமா கருணா?" என்று ராஜரத்தினம் சீட்டைக் கலைத்தபடி கேட்டபோது, "என் வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்று மேசையைத் தட்டியவர் அவர். தட்டின கை இன்னும் வலித்தது. இப்போது போய் மாமியாரோடு வருகிறேன் என்று சொன்னால், மலாக்காவில் எந்தச் சீட்டு மேசையிலும் தலைகாட்ட முடியாது.

ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் அவருக்கு விடை கிடைத்தது. முள்ளை மின்சாரம்தானே நகர்த்துகிறது? அந்த மின்சாரத்தைக் காற்றுத்தான் கூட்ட வேண்டும் என்று சட்டமா? முன்பலகைக்கு அடியில், ஓட்டுகிறவரின் முழங்காலை ஒட்டி, இன்னொரு திருகியை ஒளித்து வைத்தால்? தேவைப்படும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு திருகு. முள் சிவப்புக்குப் போகும். எஞ்சின் வெடிக்கப் போகிறது, எல்லோரும் இறங்குங்கள்!

திருகிக்கு எங்கே போவது? கடையில் எடுத்தால் முதலாளி கேட்பார். வீட்டிலேயே ஒன்று இருந்தது. சிவகாமசுந்தரியின் ரேடியோவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். அவள் பசாருக்குப் போயிருந்த அரை மணி நேரத்தில் குமிழும் திருகியுமாகக் கழற்றி எடுத்துவிட்டார்.

"ரேடியோ பாடலியே, என்னங்க?"

"வால்வு போயிருச்சு. சிங்கப்பூர்லேருந்து வரணும். ரெண்டு மாசம் ஆவும்."

சிவகாமசுந்தரி ரேடியோவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "அப்ப சாயங்காலம் எனக்கு எப்படிப் பொழுது போவும்? நாகம்மாக்கா வீட்டுக்குப் போயி குவே செய்யக் கத்துக்கிறேன்."

"தாராளமா கத்துக்க!" என்றார் கருணாகரன். நாகம்மா பக்கத்து வீடு. பரம்பரையாகக் காஜா பெராங்கில் இருக்கும் செட்டிக் குடும்பம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். நாகம்மா செய்கிற குவே என்ற தேங்காய்ப்பால் பலகாரங்களுக்குத் தெருவே அடிமை. கணவர் தெய்வநாயகம் நகராட்சியில் லாரி ஓட்டுகிறவர், நாலு மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவார். சிவகாமசுந்தரி தினமும் மூன்றரைக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்பினாள். கருணாகரன் ஆறு மணிக்கு வந்து ஆவலோடு சமையலறையை எட்டிப் பார்ப்பார். ஒரு வாரமாயிற்று, இரண்டு வாரமாயிற்று. ஒரு துண்டுப் பலகாரமும் கண்ணில் படவில்லை.

"குவே என்னாச்சு?"

"இன்னும் கை படியல. வளைவுலதான் தடுமாறுது."

என்ன வளைவோ, ஏதாவது சுருள் பலகாரமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஆகஸ்டு இரண்டாவது ஞாயிறு, புக்கிட் ரம்பாய்க்குப் போய் மாமியாரையும் ஜெயாவையும் அழைத்து வரும்படி உத்தரவு. கருணாகரன் உற்சாகமாகக் கிளம்பினார். அந்த உற்சாகத்தைப் பார்த்தே சிவகாமசுந்தரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், அவளும் கூட ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியில் நாலு பேர். பின்னால் சாரதாம்பாள் பல் செட்டு விவகாரத்தை முதலிலிருந்து ஜெயாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கருணாகரன் இடது கையைக் கீழே விட்டார். முள் துள்ளிச் சிவப்பில் விழுந்தது.

"ஐயோ! செவப்பு! செவப்பு!"

காரை ஓரம்கட்டி நிறுத்தினார். நெற்றியைத் துடைத்தார். அவர் பள்ளி நாடகத்தில் ஒரு முறை நடித்திருக்கிறார்.

"என்ன மாப்ளே, பூனை எதும் அடிபட்டிருச்சா?" என்றார் மாமியார்.

"பாரம் தாங்கலங்க. எஞ்சின் வெடிச்சிரும். எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!"

"என் பாரத்துக்கா?"

"ஒங்களச் சொல்லலிங்க. மொத்தப் பாரம்."

மூன்று பெண்களும் வெயிலில் இறங்கினார்கள். கை திரும்பியது. முள் பச்சைக்கு வந்து அடக்கமாக நின்றது. "ரெண்டு பேரு வரைக்கும் தாங்கும், சிவகாமி. மூணாவது ஆளு ஏறுனா செவப்பு. நான் என்ன செய்யட்டும்? மெஷின் சொல்லுது" என்று கையை விரித்தார். பெண்கள் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் இடமில்லாமல் மாமியார் நின்றுகொண்டே வந்தார். இதையும் அவர் மறக்கவில்லை.

செய்தி தெருவில் பரவியது. நாகம்மா வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டினாள். அவள் தமிழ் கொஞ்சம், மலாய் மிச்சம். "அலாமா கருணா! கெரேத்தா சாகிட் கா?"

காருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். கருணாகரனுக்கு இதைவிடச் சந்தர்ப்பம் வேண்டுமா? தெருவையே கூப்பிட்டு நிரூபித்துக் காட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, தன்னோடு மேலும் இரண்டு பேரை ஏற்றினார், சிவப்பு. இறக்கினார், பச்சை. மறுபடி ஏற்றினார், சிவப்பு. நின்றுகொண்டிருக்கும் காரில் பம்புக் காற்று ஏறவே ஏறாது என்பது ஒரு மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கும். நல்லவேளை, கூட்டத்தில் மெக்கானிக் யாரும் இல்லை. தெய்வநாயகம் மட்டும் முள்ளையும் கருணாகரனின் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

"அப்ப கோலாலம்பூருக்கு?" என்று அன்று மாலை சிவகாமசுந்தரி கேட்டாள்.

"நானும் ராஜரத்தினமும் மட்டுந்தான் போவ முடியும். அவன் ஒல்லி. பாவம், ஒனக்குத்தான் ஆசையா இருந்திச்சி."

"மெஷின் சொன்னா யாரு என்ன செய்ய முடியும்?" என்றாள் அவள். அவ்வளவுதான். அழவில்லை, பாத்திரம் உருட்டவில்லை. கருணாகரன் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல், காது குத்தின பிள்ளை மாதிரி இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டு கூட்டாளிகளும் ராஜரத்தினத்தோடு அலோர் காஜா சாலைத் திருப்பத்துக் காப்பிக் கடையில் காத்திருப்பதாக ஏற்பாடு. வீட்டுப் பக்கம் வரவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. சிவகாமசுந்தரி காருக்குப் பூஜை போட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்மூடிக்கு மாலை, ஸ்டியரிங்குக்கு விபூதி. குங்குமக் கிண்ணத்தோடு உள்ளே ஏறி, முள்ளுக்கு ஒரு பொட்டு, ஹாரனுக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

கருணாகரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அங்க என்ன பண்ற?"

"ஒண்ணுமில்லங்க. எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். அவசரமாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். குமிழ் இருந்த இடத்தில் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆகஸ்டு முப்பது. கருணாகரன் வெள்ளைக் கால்சட்டை போட்டு, தலையில் எண்ணெய் தடவி, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் சாரதாம்பாள் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஜெயா காருக்குள் முன்சீட்டில் உட்கார்ந்து ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், பச்சைப் பட்டுச் சேலையில் சிவகாமசுந்தரி.

"எறங்கு சிவகாமி. நேரமாச்சு."

"ஆமாங்க, நேரமாச்சு. ராகு காலத்துக்கு முந்திக் கெளம்பணும்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு பேருதான் போவலாம்னு நீங்க சொன்னீங்க. நானும் ஜெயாவும் ரெண்டு பேரு."

கருணாகரன் சிரித்தார். "ரெண்டு பேருதான். காடிய யாரு ஓட்டுவா? ஒங்க மாரியாத்தாளா?"

சிவகாமசுந்தரி ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். டிரைவிங் லைசன்ஸ். அவள் படம். அவள் பெயர். மை இன்னும் புதுசு.

"இது... இது எப்படி?"

"தெய்வநாயகம் அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. அவரோட பழைய காடியில, நாலு மணிலேருந்து அஞ்சர வரைக்கும். ரேடியோ இல்ல பாருங்க, பொழுது போவல."

"குவே?"

"நாகம்மாக்கா குவே செஞ்சாங்க. நான் பின்னாடி சாப்பிட்டேன். வளைவுலதான் கொஞ்ச நாள் தடுமாற்றமா இருந்திச்சி. அப்புறம் சரியாயிருச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் தெய்வநாயகம் மீசையைத் தடவினார். தெரு முழுக்க வாசலுக்கு வந்திருந்தது. ஐந்து வாரமாக அவள் ஓட்டிப் பழகியதைத் தினமும் பார்த்த தெரு. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. தெருவை நம்பிக் குடியிருக்கக் கூடாது என்று கருணாகரனுக்கு அப்போது பட்டது.

காப்பிக் கடையில் மூன்று கோட்டுகள் காத்திருக்கின்றன. கருணாகரன் மூளை சுறுசுறுப்பாக ஓடியது. மானத்தில் பாதியாவது மிச்சமாகட்டும்!

"சரி சரி, எல்லாருமே போவலாம். நீங்க மூணு பேரும் ஏறுங்க, நானே ஓட்டுறேன். நேத்து முள்ளச் சரி பண்ணிட்டேன். இப்ப நாலு பேரு தாங்கும்."

"சரி பண்ணிட்டீங்களா? சந்தோசம். ஏறி ஒக்காருங்க, மொதல்ல பாப்போம்" என்று எஞ்சினை ஓடவிட்டாள் அவள்.

கருணாகரன் பின்கதவைத் திறந்து ஏறினார். முள் துள்ளிச் சிவப்பில் விழுந்தது.

"ஐயோ, செவப்பு!" என்றது தெரு, ஒரே குரலில்.

அவர் எட்டிப் பார்த்தார். சிவகாமசுந்தரியின் இடது கை ஸ்டியரிங்கில் இல்லை. கீழே, முழங்கால் பக்கத்தில், சேலை மடிப்பைச் சரிசெய்வது போல இருந்தது. கண்ணாடியில் அவள் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. அவள் இமைக்கவில்லை.

"கையை எடு" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஏன் எடுக்க வேண்டும் என்று தெரு கேட்கும். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மாமியாரும் கேட்பார். வாயை மூடிக்கொண்டார்.

"கருணா, துருன் லா!" என்று நாகம்மா கத்தினாள். இறங்கு என்று பொருள். தெருவில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறங்கினார். முள் பச்சைக்கு வந்தது. "கோளாறு காடியில இல்லப்பா, ஒங்கிட்டத்தான்" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கைதட்டியது.

"வெடிக்கிற காடியில நானும் ஏற மாட்டேன்" என்றார் சாரதாம்பாள், பெட்டியிலிருந்து எழுந்து. "நான் பஸ்ல வந்துக்கிறேன். எப்படித் தனியா வர்றது? மாப்ளே தொணைக்கு வரட்டும்."

"சிரம்பானுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. அங்கேருந்து ரயிலு. சித்தப்பா ஸ்டேசனுக்கு வந்துருவாரு" என்று சிவகாமசுந்தரி இரண்டு சீட்டுகளை நீட்டினாள். மூன்று நாளைக்கு முன்னால் வாங்கிய சீட்டுகள். கூடவே வாழை இலையில் கட்டிய ஒரு பொட்டலம். "நாகம்மாக்கா குவே. வழியில சாப்பிடுங்க. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

கார் கிளம்பியது. ஒரு குலுக்கல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. கியர் வெண்ணெயாக விழுந்தது. வளைவில் அவள் திரும்பின அழகைப் பார்த்து, நடுத்தெருவில் தகரப் பெட்டியோடு நின்ற கருணாகரனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கணம் முடிவதற்குள் மாமியார் பேசத் தொடங்கிவிட்டார்.

பஸ் மலாக்காவை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள், பின்னாலிருந்து தவிட்டு நிற மோரிஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து பஸ்ஸைத் தாண்டியது. பெட்ரோல் போட நின்றிருப்பாள். பம்பின் விசில் சத்தம் கருணாகரன் காதில் விழுந்தது. இந்நேரம் முள் மஞ்சளில், நடு மஞ்சளில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தான் செய்த முள். தன் காரில். அது காட்டுவதைப் பார்க்கத் தான் மட்டும் இல்லை.

அலோர் காஜா சாலைத் திருப்பத்தில் மூன்று புதுக் கோட்டுகள் காரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையைத் தூக்கின. கார் நிற்காமல் போனது. தூக்கின கைகள் அப்படியே நின்றன. பின்னாலேயே பஸ் வந்தது. கருணாகரன் குனிந்து செருப்பில் எதையோ தேடினார்.

"மாப்ளே, அங்க யாரோ மூணு பேரு ஒங்களப் பாத்துக் கை காட்டுறாங்க. நிமிந்து பாருங்க. இங்க இருக்காரு, இங்க!" என்று சாரதாம்பாள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார்.

பஸ் திருப்பத்தைத் தாண்டியதும் கருணாகரன் நிமிர்ந்தார். பசித்தது. துக்கத்திலும் பசிக்கிற உடம்பு அவருக்கு. பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு துண்டுப் பலகாரம். அவற்றுக்கு நடுவே, காகிதத்தில் மடித்த ஒரு கறுப்புக் குமிழ். கூட்டம் கைதட்டிய நேரத்தில் அவள் காரிலிருந்து பிடுங்கிப் பொட்டலத்தில் செருகியிருக்கிறாள்.

குமிழில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. அவருடைய கையெழுத்து. 'உரியவர்: சிவகாமசுந்தரி, காஜா பெராங். சாமான்: ரேடியோ சத்தக் குமிழ்.' ஓரத்தில் ஒரு குங்கும விரல் அடையாளம்.

ஆடி வெள்ளியிலிருந்தே தெரியும் அவளுக்கு. பதினாறு வருஷப் பழக்கம். கட்டியதே அவருக்கு நினைவில்லை.

அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் அவள் கையெழுத்து. 'அம்மா பேசும்போது உங்களுக்கு உபயோகப்படும். அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார்கள்.'

"என்ன மாப்ளே, கேக்குதா?" என்றார் சாரதாம்பாள், பஸ்ஸின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "அந்தப் பல் செட்டு விசயத்துல என்ன நடந்திச்சின்னா... மொதல்லேருந்து சொல்றேன்."

கருணாகரன் குமிழை இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். சத்தம் குறையவில்லை.